சான்றிதழும் கைப்பழக்கமும்

உயர்தரம் முடித்தும் பல்கலைக்கழகம் கிடைக்காத எமது யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பது நல்லதொரு தொழில். அதன் முதற்படியான எல்பிஐசி-1 சான்றிதழுக்குப் பட்டம் தேவையில்லை. இரண்டு பரீட்சைகள், ஒவ்வொன்றிலும் 90 நிமிடத்தில் 60 வினாக்கள்.

இதற்கும் ரியூசனுக்கு ஓடி வினாவிடைகளைப் பாடமாக்குவதை நாம் ஏற்கவில்லை. சித்தியடையலாம், ஆனால் வேலைத்தலத்தில் சேர்வர் நின்றுபோகும் நாளில் அது கைகொடுக்காது. லினக்ஸும் இலவசம், பரீட்சை நடத்தும் லினக்ஸ் புரொஃபெஷனல் இன்ஸ்ரிரியூட்டின் பாடங்களும் இலவசம். ஒதுக்கிவைத்த பழைய கணினி ஒன்று போதும்: பாவனையாளரைச் சேர்த்து, கோப்பு அனுமதிகளை மாற்றி, வேண்டுமென்றே குழப்பித் திருத்திப் பழகலாம்.

பரீட்சை தமிழில் இல்லை என்பதுதான் மெய்யான தடை. ஆகவே பங்கு மண்டபங்களை மாலையில் திறந்துவிடுவோம். தெரிந்தவர் ஒருவர் தமிழில் விளக்க, பிள்ளைகள் கட்டளைகளைத் தாமே தட்டிப் பார்க்கட்டும். ரியூசன் காசு பரீட்சைக் கட்டணத்துக்கு உதவும்.