'அலிபி' என்பது சாக்கு அல்ல

"சம்பவம் நடந்தபோது நான் அந்த ஊரிலேயே இல்லை."

குற்றம் சாட்டப்பட்டவர்கள் சொல்லும் பதில்களில் இதைவிடப் பழைய பதில் இருக்க முடியாது. இதைவிட அவநம்பிக்கையோடு கேட்கப்படும் பதிலும் இல்லை. போலீஸ் நிலையத்தில் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நீதிமன்றத்தில் இதற்கு ஒரு லத்தீன் பெயர் உண்டு: 'அலிபி'. ஆங்கிலேயர் வாய்க்குள் புகுந்து 'அலிபை' என்றும் ஒலிக்கும்.

இந்தச் சொல்லின் வரலாறு தெரிந்தால், அதைச் சொல்பவரை எப்படி நடத்த வேண்டும் என்பதும் ஓரளவு தெரியும்.

லத்தீனில் 'அலியுஸ்' என்றால் 'வேறு'. 'இபி' என்றால் 'அங்கே'. இரண்டும் கலந்து பிறந்தது 'அலிபி', பொருள் 'வேறிடத்தில்'. அது பெயர்ச்சொல் அன்று, வினையைச் சார்ந்து நின்று இடம் காட்டும் அடைமொழி. 'அவன் வேறிடத்தில் இருந்தான்' என்னும் வாக்கியத்தில் 'வேறிடத்தில்' என்ற சொல் என்ன வேலை செய்கிறதோ, அதுவே அதன் வேலை. நூல்களின் அடிக்குறிப்பில் 'அதே இடத்தில்' என்ற பொருளில் வரும் 'இபிடெம்' இதற்கு நெருங்கிய உறவு.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் இச்சொல் புழங்கியபோது, முதலில் இந்த இலக்கணத்தை விட்டு விலகவில்லை. பிறகு வாதத்துக்கே பெயராயிற்று. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பேச்சுவழக்கு அதை இன்னும் ஒரு படி கீழே இறக்கி, 'சாக்குப்போக்கு' என்ற பொருளைக் கொடுத்தது. இடத்தைக் குறித்த சொல், ஏமாற்றைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

ரோமில் ஒரு பொய்

இந்தச் சரிவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தச் சொல் பிறந்த ரோம் நகரிலேயே அப்படி ஒரு வழக்கு நடந்தது. கி.மு. 62 டிசம்பரில், ஜூலியஸ் சீசரின் இல்லத்தில் பெண்கள் மட்டுமே கூடி நடத்திய வழிபாட்டில், குளோடியஸ் என்ற பிரபு பெண் வேடமிட்டு நுழைந்துவிட்டதாகப் புகார் எழுந்தது. மறு ஆண்டு விசாரணை. "அன்று நான் ரோமிலேயே இல்லை, இன்டராம்னா என்ற ஊரில் இருந்தேன்" என்றார் குளோடியஸ். நாவன்மை மிக்க சிசரோ சாட்சிக் கூண்டில் ஏறி, "அதே நாளில் ரோமில் என்னை வந்து பார்த்தாரே" என்றார். அலிபி உடைந்தது. ஆனால் குளோடியஸ் தண்டிக்கப்படவில்லை. 31 பேர் விடுதலைக்கும் 25 பேர் தண்டனைக்கும் வாக்களித்தனர். நடுவர்களைப் பணம் பேச வைத்தது என்று சிசரோவே எழுதி வைத்திருக்கிறார்.

லண்டனில் ஒரு மெய்

பொய் அலிபிக்கு ரோம் சாட்சி என்றால், மெய் அலிபிக்கு லண்டன் சாட்சி. 1896இல் அடால்ஃப் பெக் என்பவர், பெண்களை ஏமாற்றி நகை பறித்ததாகத் தண்டிக்கப்பட்டார். ஏமாந்த பெண்கள் பலரும் "இவர்தான்" என்று கை காட்டினார்கள். 1877இல் இதே முறையில் மோசடி செய்து 'ஜான் ஸ்மித்' என்ற பெயரில் சிறை சென்ற ஆள்தான் இப்போதும் கைவரிசை காட்டியிருக்கிறான், அந்த 1877இல் பெக் தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் இருந்தார் என்று அவர் தரப்பு மெய்ப்பிக்க முயன்றது. இந்த வழக்குக்கு அது சம்பந்தமில்லை என்று நீதிபதி தடுத்துவிட்டார். பெக்குக்குக் கிடைத்தது ஏழாண்டுச் சிறை.

விடுதலையாகி வந்தவர் 1904இல் மீண்டும் அதே குற்றச்சாட்டில் பிடிபட்டு, மீண்டும் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டார். அதற்குள் உண்மையான மோசடிக்காரன் அகப்பட்டான். பெக்குக்கு மன்னிப்பும் 5,000 பவுன் இழப்பீடும் வழங்கப்பட்டன. இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1907இல் சட்டமாவதற்கு இந்த அநீதியும் ஒரு காரணம்.

அலிபி பொய்யாகவும் இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். சோதித்தால்தான் தெரியும். சிரித்துத் தள்ளுவது சோதனை ஆகாது.

சென்னையும் லடாக்கும்

இந்தியச் சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 'அலிபி' என்ற சொல் கிடையாது. ஆனால் அதன் 11ஆம் பிரிவு ஓர் உதாரணம் காட்டியது: கல்கத்தாவில் குற்றம் செய்ததாகச் சொல்லப்படுபவர் அன்று லாகூரில் இருந்தார் என்பது வழக்குக்குச் சம்பந்தமுள்ள செய்தி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய சாட்சிய அதினியம் இதையே தன் 9ஆம் பிரிவில் வைத்து, ஊர்களை மட்டும் மாற்றியிருக்கிறது. கல்கத்தா இப்போது சென்னை. லாகூர் இப்போது லடாக்.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: வேறிடத்தில் இருந்ததாகக் கூறுபவரே அதை நிரூபிக்க வேண்டும். அதுவும் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்று 1996இல் பினய் குமார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் வலியுறுத்தியது. ஆயினும் அலிபி தோற்றுவிட்டால் குற்றம் தானாகவே நிரூபணம் ஆகிவிடாது. அரசுத் தரப்பு தன் வழக்கைத் தனியே நிலைநாட்ட வேண்டும் என்பதும் சுப்ரீம் கோர்ட் 2010இல் ஷேக் சத்தார் வழக்கில் சொன்னதுதான். 1981இல் தூத்நாத் பாண்டே வழக்கில் அலிபி ஏற்கப்படவில்லை. அந்தத் தீர்ப்பிலேயே, எதிர்த்தரப்புச் சாட்சிகளை அரசுத் தரப்புச் சாட்சிகளுக்குச் சமமாக நடத்த வேண்டும், அவர்களை நம்பாத பழக்கத்தை நீதிமன்றங்கள் கைவிட வேண்டும் என்று கூறப்பட்டது.

யாரிடம் ரிஜிஸ்டர் இருக்கிறது?

விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் நிரூபிக்கும் வசதி எல்லாருக்கும் ஒன்றா? ஆபீஸ் ஊழியருக்கு வருகைப் பதிவேடு உண்டு. விமானத்தில் போனவருக்குப் பயணச்சீட்டு உண்டு. தமிழகத்திலிருந்து மும்பைக்கோ பெங்களூருவுக்கோ கட்டட வேலைக்கு வந்தவருக்கு என்ன உண்டு? பீகாரிலிருந்து சென்னைக்கு வந்தவருக்கு என்ன உண்டு? கூலி கையில் கொடுக்கப்படுகிறது. மேஸ்திரியின் நோட்டில் பெயர் பாதி, கணக்கு பாதி. பக்கத்தில் படுத்துத் தூங்கியவன் அடுத்த வாரமே வேறு ஊருக்குப் போய்விடுகிறான்.

புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் ஒன்றை ஒப்பந்தக்காரர் தொழிலாளிக்குத் தர வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் விதித்தது. விதி புத்தகத்தில் இருந்தது. பாஸ்புக் எத்தனை பேர் கையில் இருந்தது?

இதில் காலமும் எதிரி. குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் எதிரித் தரப்பு ஆவணங்களைப் பொதுவாகப் பார்ப்பதில்லை என்பது தேவேந்திரநாத் பாதி வழக்கில் வகுக்கப்பட்ட நெறி. ஆகவே 'வேறிடத்தில் இருந்தேன்' என்பதை எதிர்த்தரப்பு சாட்சி வைத்து மெய்ப்பிக்கும் நாள் வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். கடைவாசல் காமிராவின் பதிவு அதுவரை காத்திராது. பழையதன் மேலேயே புதியது பதிந்துவிடும். டீக்கடைக்காரருக்கு முகம் மறந்துவிடும்.

எனவே பொறுப்பு முதலில் விசாரணை அதிகாரியுடையது. பிடிபட்டவர் "நான் அங்கே இல்லை" என்று சொன்ன அன்றே, எங்கே, யாருடன், எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொள்ள வேண்டும். அந்த இடத்துக்கு ஓர் ஆளை அனுப்பிச் சரிபார்த்து, காமிராப் பதிவையும் டெலிபோன் விவரத்தையும் அழியாமல் கைப்பற்ற வேண்டும். சரிபார்த்ததன் முடிவு, சாதகமாயினும் பாதகமாயினும், குற்றப்பத்திரிகையில் இடம்பெற வேண்டும். அலிபி பொய்யென்றால் அதனால் போலீசாரின் கையே வலுக்கும். மெய்யென்றால் ஒரு நிரபராதி தப்புவார். உண்மைக் குற்றவாளியைத் தேடவும் நேரம் மிஞ்சும்.

காவலில் இருப்பவர் எவரும் இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழி செய்கிறது. அந்த வழக்கறிஞர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுவே: "அன்று எங்கே இருந்தாய்? யார் பார்த்தார்கள்?" ஒரு பஸ் டிக்கெட், ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு, கூலி கொடுத்த ஒரு துண்டுக் காகிதம் கூட அப்போது ஓர் உயிரைக் காக்கலாம்.

பிழைப்புக்காக வேறிடம் போனவனிடம், அவன் வேறிடத்தில் இருந்ததற்கு அத்தாட்சி கேட்கும் சட்டம், அதைத் தேடித் தரும் கடமையில் பாதியையாவது தானே ஏற்க வேண்டும்.