மரகதத்தின் மாசு



நவரத்தினங்களின் பெயர்களை நம் மாணவர்கள் வரிசை பிறழாமல் ஒப்புவிக்கின்றனர். ஆயினும் ஒரு மரகதத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதைப் பெரியவர்களாகிய நாமே அறிந்திருக்கிறோமா?

அண்மையில் ஒரு தாயார், தம் மாமியார் அளித்த மரகத மோதிரக் கல்லினுள் விரிசல்கள் தென்படுவதால் அது போலி என எண்ணி, வந்த விலைக்கு விற்கத் துணிந்தார். நான் தடுத்தேன்.

பெரில் என்னும் நிறமற்ற கனிமத்தில் குரோமியமோ வனேடியமோ சிறிதளவு கலப்பதாலேயே மரகதத்தின் பச்சை பிறக்கிறது. அவ்வாறு விளையும் கல்லினுள் நுண்விரிசல்களும் பிற கனிமத் துணுக்குகளும் இருப்பது இயல்பு. பிரெஞ்சுக்காரர் அவற்றைத் 'தோட்டம்' என்றே அழைக்கின்றனர். மாசே இல்லாத பெரிய கல் மலிவாகக் கிடைத்தால்தான் ஐயுற வேண்டும். அது கண்ணாடியாகவோ ஆய்வுக்கூடத்தில் விளைந்ததாகவோ இருக்கக்கூடும். விரிசல் இருப்பதனாலேயே மெய்யான கல் என்றும் கொள்ளலாகாது. இரத்தினப் பரிசோதனைச் சான்றிதழே முடிவு கூறும்.

விரிசல்கள் தெரியாதிருக்க எண்ணெய் ஊட்டுவது வணிக வழக்கம். வாங்கும்போது அதனைக் கேட்டறிவது நம் உரிமை. மீயொலிக் கருவியிலோ கொதிநீரிலோ மரகத நகையைத் தூய்மை செய்யலாகாது. வெதுவெதுப்பான நீரும் மென்துணியும் போதும்.

பெயர்களை ஒப்புவிக்கும் பிள்ளைகளுக்கு இவற்றையும் சொல்லிக் கொடுப்போம்.