பட்டியல் ஒட்டுவதற்கு முன்

பருவத் தேர்வு நெருங்கும்போது கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டப்படும். வருகைப் பதிவு 75 சதவீதத்தைத் தொடாதவர்களின் பட்டியல். அதில் பெயர் இருந்தால் கண்டோனேஷன் கட்டணம் கட்ட வேண்டும், மருத்துவச் சான்றிதழ் தேட வேண்டும், வேலையை விட்டுவிட்டு வந்த அப்பாவைத் துறைத் தலைவர் அறை வாசலில் நிற்கவைக்க வேண்டும். இன்னும் கீழே போனவர்களுக்கு ஹால் டிக்கெட்டே கிடையாது. இத்தனை படிகள் உள்ள நடைமுறையில் "ஏன் வரவில்லை?" என்று அக்கறையோடு கேட்பதற்கு ஒரு படிகூட இல்லை. கேட்கப்பட்டாலும் அது விசாரணையின் குரலில்தான் ஒலிக்கிறது.

ஜூலையில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாணவி ஆகஸ்டில் வாரம் இரண்டு நாள் காணாமல் போகிறார். செப்டம்பரில் காலை வகுப்புகள் எதிலும் அவர் இல்லை. விடுதி மெஸ்ஸில் இரவுச் சாப்பாட்டுக்கு வருவது நின்றுவிட்டது. உள்மதிப்பீட்டுத் தேர்வில் வெற்றுத்தாள் கொடுத்திருக்கிறார். இவற்றைக் கண்டுபிடிக்க எந்த நிபுணரும் வேண்டாம். எல்லாமே கல்லூரியின் ஏடுகளில் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன. ஆனால் வருகைப் பதிவு துறையில் இருக்கிறது, மெஸ் கணக்கு வார்டனிடம் இருக்கிறது, கட்டண நிலுவை அலுவலகத்தில் இருக்கிறது. இவை ஒன்றுசேர்வது அந்த மாணவியைத் தண்டிக்கும் நாளில்தான். துயரத்தின் அடையாளங்களைக் கல்லூரிகள் பார்க்காமல் இல்லை. அவற்றைக் குற்றமாகப் பார்க்கின்றன என்பதே நம் புகார்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். பள்ளி மாணவர்களும் இதில் அடக்கம். அதே ஆண்டில் தேர்வுத் தோல்வியைக் காரணமாகக் கொண்டு பதிவான இறப்புகள் 2,248. மாணவர் மரணம் என்றாலே மதிப்பெண் என்று முடிவுகட்டும் நம் பழக்கத்துக்கு இந்த எண்கள் இடம்தரவில்லை. வீட்டுச் சண்டை, கடன், முறிந்த காதல், ராகிங், சாதிப் பெயர் சொல்லி விழுந்த ஒரு வார்த்தை, கண்டறியப்படாத மனநோய் என்று காரணங்கள் பல. பெரும்பாலும் ஒன்றோடொன்று பின்னியவை.

உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஓய்வுபெற்ற நீதிபதி எஸ்.ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. ஜூலையில் இன்னொரு வழக்கில், 100 மாணவர்களுக்குக் குறையாத கல்வி நிறுவனங்கள் அனைத்திலும் தகுதிபெற்ற மனநல ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்றும், ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தரப்பட வேண்டும் என்றும் வழிகாட்டுதல்கள் வகுத்தது. வரவேற்கிறோம். ஆனால் பெயர்ப்பலகை மாட்டிய அறை ஒன்றைக் காட்டி உத்தரவை நிறைவேற்றிவிட்டதாகக் கணக்கு எழுதும் கலையில் நம் கல்லூரிகள் தேர்ந்தவை. அந்த அறை முதல்வர் அலுவலகத்துக்கு எதிரில் இருந்தால் யார் உள்ளே போவார்? அங்கே உட்கார்ந்திருப்பவரே ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிலும் உறுப்பினர் என்றால் யார் வாய் திறப்பார்? பதிவு எண்ணைக் கட்டாயமாகக் கேட்கும் கூகுள் படிவத்தில் "நீங்கள் சோர்வாக உணர்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, 'இல்லை' என்ற பதில்களை எண்ணி நிம்மதி அடைவது யாரை ஏமாற்ற?

ஆலோசகரை விட முக்கியமானவர் தினமும் வகுப்பில் முகம் பார்க்கும் ஆசிரியர். ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளிலும் ஒரு ஆசிரியருக்கு இருபது, முப்பது மாணவர்கள் என்று பிரித்துக்கொடுக்கும் மென்டர் முறை இருக்கிறது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' குழு வருவதற்கு முந்தைய வாரம் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் மூன்று வருட மென்டர் நோட்டுகள் நிரப்பப்படும் காட்சி கல்வித் துறையில் இருக்கும் எவருக்கும் புதிதல்ல. ஆசிரியர்களை மட்டும் குறைசொல்வதும் நியாயமாகாது. அரசு கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் பணி நிரந்தரத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். தனியார் கல்லூரிகளில் கோடையில் ஆள்சேர்க்க ஊர் ஊராக அனுப்பப்படுவதும் அதே ஆசிரியர்கள்தான். தன் காலடியே உறுதியில்லாதவரிடம் இருபது பேரின் பாரத்தையும் ஏற்றினால் அவர் நோட்டைத்தான் நிரப்புவார். மென்டர் நேரம் பணிச்சுமைக் கணக்கில் சேர வேண்டும்.

"நாங்கள் என்ன டாக்டரா?" என்று பேராசிரியர்கள் கேட்கிறார்கள். இல்லை, சிகிச்சை தரும்படி யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. கவனித்து, தனியாக அழைத்துப் பேசி, தேவைப்பட்டால் உரிய இடத்துக்கு உடன் சென்று சேர்ப்பதுதான் வேலை. சீட்டு எழுதி நீட்டுவது அல்ல. உயிரை விடும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்ற அச்சமும் தவறு. அக்கறையோடு கேட்கப்படும் அந்தக் கேள்வி பலருக்கும் ஆறுதலாகவே அமைகிறது என்பது இத்துறையில் வேலை செய்பவர்களின் அனுபவம்.

எடுத்த எடுப்பில் "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்பதையும் கைவிட வேண்டும். சிக்கலே வீட்டில் இருந்தால்? சாதி மாறிய காதல் என்றால்? உயிருக்கு ஆபத்து தெரிகிறபோது குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். அப்போதும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இரகசியம் காக்கப்படுவதை உரிமையாக வைத்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மற்றவர்கள் பயப்படுகிறார்கள் என்று காரணம் காட்டி அவரை விடுதியிலிருந்து காலி செய்யச் சொல்லும் நிர்வாகம் எந்தச் சட்டத்தைப் படித்ததோ!

தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல முன்னுதாரணம் உண்டு. தேர்வில் தவறிய பிளஸ் டூ மாணவர் ஓராண்டைத் தொலைக்காமல் அடுத்த சில வாரங்களிலேயே எழுதும்படி உடனடித் துணைத்தேர்வு கொண்டுவரப்பட்டது. சென்னையில் 1986இல் 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் இதன் பயனைத் தொடர்ந்து எடுத்துச் சொல்லிவருகிறார்கள். மாணவரிடம் "தைரியமாக இரு" என்று அறிவுரை சொல்வதோடு நிற்காமல், அவர் முன்னால் மூடியிருந்த கதவை அரசே திறந்துவிட்டது. முடிவுகள் வந்த கையோடு, தேர்ச்சி பெறாதவர்களை அரசின் 104 மருத்துவ உதவிச் சேவையின் ஆலோசகர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசுவதும் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு செய்வதைக் கல்லூரி தன் சொந்த வளாகத்தில் செய்ய முடியாதா?

7.5 சதவீத உள்ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவமும் பொறியியலும் படிக்கப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். தமிழில் படித்தவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி, முதல் பருவத்தில் ஆங்கில வகுப்பில் பின்பெஞ்சில் ஒடுங்குகிறார். இடம் கொடுத்தோம், கட்டணத்தையும் கட்டினோம் என்று அரசு நிறுத்திக்கொள்ளக் கூடாது. முதல் அரியர் விழும் நாளில்தான் அவருக்கு ஒரு ஆள் வேண்டும்.

உயர்கல்வித் துறை ஒரே ஒரு சுற்றறிக்கையிலிருந்து தொடங்கலாம். வருகை குறைந்தவர்களின் பட்டியலை ஒட்டுவதற்கு முன், அதிலுள்ள ஒவ்வொருவரோடும் தண்டிக்கும் அதிகாரம் இல்லாத ஒருவர் தனியே பேசியிருக்க வேண்டும். மனத்துயரால் வராதவரிடம் அபராதம் வாங்கக் கூடாது. ஒரு பருவம் ஓய்வெடுத்துத் திரும்ப விரும்புகிறவர் இடத்தையோ உதவித்தொகையையோ இழக்கக் கூடாது. இதற்குப் புதிய நிதி அதிகம் தேவைப்படாது. அடுத்த பட்டியல் தயாராவதற்குள் அந்தச் சுற்றறிக்கை கல்லூரிகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாத மாணவர் எவரேனும் இதை வாசித்தால்: 14416 என்ற 'டெலி மனஸ்' எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.