நீரின் குணமும் நிலத்தின் கணக்கும்

வைகைக் கரையிலுள்ள சோழவந்தான் பக்கத்திலிருந்து, கரிசல் பூமியான கள்ளிக்குடிப் பக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வரும் மருமகள் முதல் மாதத்திலேயே ஒரு பழிச்சொல்லைக் கேட்க நேரிடுவதுண்டு. உலையிலிட்ட பருப்பு வேகவில்லை. துவைத்த வேட்டி வெளுக்கவில்லை. பளபளத்த சில்வர் பாத்திரத்தில் வெண்திட்டு படிகிறது. "பிறந்த வீட்டில் இதைத்தான் கற்றாயா?" என்று மாமியார் கேட்கிறார். இதே கையால்தானே அங்கே நன்றாகச் சமைத்தோம் என்று எண்ணி அவள் மனம் வெதும்புகிறாள். உண்மையில் இருவர் மீதும் குற்றமில்லை. மாறியது கைப்பக்குவம் அன்று, தண்ணீர். இல்லத்தின் அமைதியையும் கைப்பொருளையும் ஒருங்கே தொடும் இச்செய்தியை இத்திங்கள் நாம் சற்று விரிவாக ஆராய்வோம்.

வானிலிருந்து விழும் மழைநீர் மென்மையானது. மண்ணுக்குள் இறங்கும்போது அது கரியமில வாயுவைத் தன்னுள் ஏற்று, மெல்லிய புளிப்புத் தன்மை பெறுகிறது. அப்புளிப்பு, வழியிலுள்ள கல்லிலும் மண்ணிலும் இருக்கும் கால்சியம், மக்னீசியம் ஆகிய உப்புகளைக் கரைத்துக் கொள்கிறது. இவை மிகுந்த நீரையே கடின நீர் என்கிறோம். நம் மக்கள் இதையும் 'உப்புத் தண்ணீர்' என்றே அழைப்பர். ஆயினும் கரிப்பு வேறு, கடினம் வேறு. நாவிற் கரிக்காத நீரும் கடின நீராக இருக்கக்கூடும்.

ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது என்பதே இதன் அளவை. 60க்கு உட்பட்டது மென்னீர். 180க்கு மேற்பட்டது மிகக் கடின நீர் என்பது பெருவழக்கு. இந்திய தர நிர்ணய அமைவனம் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட குடிநீர் விதிகளில் 200 ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

மதுரையைச் சுற்றி இவ்வளவை ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது? காரணம் மூன்று.

முதலாவது, நீர் வந்த வழி. 1895ஆம் ஆண்டில் பெரியாற்று அணை திறக்கப்பட்டதிலிருந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழையின் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வைகைச் சமவெளிக்கு வருகிறது. 1959இல் வைகை அணையும் எழுந்தது. அவ்வணை நீரைப் பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து மதுரை நகருக்கு அனுப்புகிறார்கள். மலை மழையாக விழுந்து ஆற்றின் வழியே விரைந்து வரும் இந்நீர் பாறையோடு நெடுநாள் உறவாடுவதில்லை. ஆதலின் பொதுவாக மென்மையாய் இருக்கிறது. வாய்க்கால் பாயும் சோழவந்தான், வாடிப்பட்டி வட்டாரக் கிணறுகளும் இப்பேற்றில் பங்கு பெறுகின்றன.

இரண்டாவது, மண். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் கரிசல் நிலம் பரந்துள்ளது. கரிசலைத் தோண்டினால் வெண்ணிறச் சுண்ணாம்புக் கட்டிகள் அகப்படுவதை உழவர் அறிவர். அங்கே இறங்கும் மழைநீர் கடினம் பெறுவதில் வியப்பில்லை.

மூன்றாவது, ஆழம். நம் பகுதியின் அடித்தளம் கடும்பாறை. அதன் வெடிப்புகளில்தான் ஆழ்துளைக் கிணற்றின் நீர் தங்குகிறது. பாறையினுள் நெடுங்காலம் தேங்கிய நீர் உப்புகளை மிகுதியாகக் கரைத்துக் கொள்ளும். வெடிப்புகள் ஒரே சீராக ஓடுவதில்லை. ஆகவே அடுத்தடுத்த இரு வீடுகளில் ஒன்றின் நீர் நுரைக்கவும், மற்றொன்றின் நீர் திரிந்து போகவும் காண்கிறோம். கோடையில் நீர்மட்டம் தாழத் தாழக் கடினம் ஏறுவதும், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் அது தணிவதும் பல கிணறுகளில் காணும் இயல்பு.

இதனால் இல்லத்துக்கு நேரும் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 400 அளவுள்ள நீரை 1,000 லிட்டர் மாடித் தொட்டியில் நிரப்பினால், அதனுள் 400 கிராம் சுண்ணாம்புச் சத்து கண்ணுக்குத் தெரியாமல் ஏறிவிடுகிறது. அந்நீரில் 20 லிட்டர் வாளி ஒன்று முழுவதும் நுரைக்க வேண்டுமானால், நுரை எழும்பு முன்னரே ஏறத்தாழ 50 கிராம் சோப்பு திரிந்து வீணாகும். வெந்நீர்க் கருவியின் கம்பியில் படியும் வெள்ளைப் பொருக்கோ மின்கட்டணத்தை ஏற்றும்.

ஆயினும் கடினம் முற்றிலும் தீமை என்று எண்ணற்க. செந்நிறச் சாயவேர்ச் சாயம் துணியில் ஒளியோடு பற்றுவதற்குச் சிறிது சுண்ணாம்புச் சத்து வேண்டும். உடலுக்கும் அப்படியே. கால்சியமும் மக்னீசியமும் எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய சத்துகளே. உலக சுகாதார நிறுவனம் கடினத்துக்கென்று உடல்நலம் பற்றிய வரம்பு எதையும் விதிக்கவில்லை. கடின நீரால் சிறுநீரகத்தில் கல் உண்டாகும் என்ற அச்சம் பரவலாக உள்ளது; மருத்துவ ஆய்வுகள் அதனை உறுதி செய்யவில்லை. நம் ஊர் வெயிலில் போதிய நீர் பருகாமையே கல்லுக்குப் பெரிய காரணம்.

இவ்வச்சத்தை மூலதனமாக்கி வாணிகம் நடைபெறுவதை நாம் கவனிக்க வேண்டும். குழாயில் நல்ல ஆற்று நீர் வரும் வீட்டிலும் ஆர்.ஓ. கருவி வாங்கப்படுகிறது. அது தேவையான உப்புகளையும் நீக்கிவிடுகிறது. வீடுகளில் உள்ள கருவிகள் பெரும்பாலும், தரும் நீரினும் மிகுதியான நீரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. கடன்பட்டு வாங்குமுன், அது தம் வீட்டுக்குத் தேவைதானா என்று குடும்பத்தலைவர் ஆராய்தல் நலம்.

அதே வேளையில் மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பாறைப் பூமியில் புளோரைடு என்னும் பொருள் நீரில் கலந்திருக்கக் கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அது குழந்தைகளின் பற்களைக் கறைப்படுத்தும். மேலும் மிகுந்தால் எலும்பையும் வளைக்கும். தருமபுரி, கிருட்டிணகிரி மக்களை இத்துன்பத்தினின்று காக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. புளோரைடுக்கு நிறமில்லை, சுவையில்லை. சோப்பு நன்கு நுரைக்கும் நீரிலும் அது இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே ஆழ்துளை நீரைப் பருகுவோர் ஒரு முறையேனும் அதனைச் சோதித்தறிதல் கடமை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம்.

கடினத்தை மட்டும் அறிய வீட்டிலேயே வழியுண்டு. ஒரே அளவான இரு புட்டிகளில், ஒன்றில் மழைநீரும் மற்றொன்றில் கிணற்று நீரும் சம அளவாக எடுத்து, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிப் பாருங்கள். நிலைத்த நுரை எழ எதற்கு மிகுதியான சொட்டுகள் வேண்டுமோ அதுவே கடின நீர். சலவைத் தூள் இதற்கு உதவாது. அது கடின நீரிலும் நுரைக்கும்.

பரிகாரங்களும் எளியவையே. கடினத்தின் ஒரு பகுதி கொதிக்க வைத்து ஆறவிட்டால் அடியில் படிந்துவிடும். தெளிவை இறுத்துக் கொள்க. துவைக்கும் நீரில் சிறிது சலவைச் சோடா இட்டுத் தெளியவிட்டால் சோப்பு மிச்சமாகும். தலைக்குச் சீயக்காய் தேய்த்த நம் முன்னோர் அறிவுடையோர். அது சோப்பைப்போல் கடின நீரில் திரிவதில்லை. பாத்திரத்தின் வெண்திட்டைப் புளி கரைக்கும். எல்லாவற்றினும் மேலாக, நீரைப் பகுத்து வழங்குக. நல்ல தண்ணீர் பருகவும் பருப்பு வேகவும். கடின நீர் கழுவவும் செடிக்கும்.

ஆனால் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும் செய்தி அன்று இது. மழைநீர் கண்மாயில் தேங்கி ஊறினால் சுற்றியுள்ள கிணறுகளின் நீர் தணியும். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளமும், மாடக்குளம் போன்ற கண்மாய்களும் நீர் நிரம்பி நின்றால் ஊர்க் கிணறுகளும் வாழும். கண்மாயைத் தூர்த்து மனையாக்கிவிட்டு, ஆயிரம் அடிக்குத் துளையிட்டு, 'இந்த ஊர்த் தண்ணீர் சரியில்லை' என்று நொந்துகொள்வதில் பொருளில்லை. மழைநீர்ச் சேமிப்பு 2003ஆம் ஆண்டில் தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. நம் வீட்டிலும் பங்கு ஆலயத்திலும் அன்று அமைத்த குழிகள் இன்று அடைபட்டுக் கிடக்கின்றனவா என்று பார்ப்போமாக.

எரிக்கோ நகர மக்கள், ஊர் நன்றாக இருந்தும் தண்ணீர் கெட்டிருந்ததைக் கண்டு எலிசாவிடம் சென்று முறையிட்டதை விவிலியம் கூறுகிறது. அவர் வீட்டுக் குடங்களை நாடவில்லை. நீர் ஊறும் இடத்துக்கே சென்று அதனை நலமாக்கினார். நாமும் ஊற்றை நோக்கிச் செல்வோம். அதுவரை, நல்ல தண்ணீர் கிடைக்கும் வீட்டார் கிடைக்காத அண்டை வீட்டுக்கு ஒரு குடம் தருவதற்குத் தயங்க வேண்டாம். வேகாத பருப்புக்காக மருமகளின் மனத்தையும் எவரும் வேகவைக்க வேண்டாம்.