அம்பத்தூருக்கு முன்னே ஒரு நிமிஷம்

மாலை வேளையில் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்பட்டு, மூச்சுவிட இடமின்றி நிறைந்து, பட்டரவாக்கத்தையும் தாண்டி வந்துவிட்ட ஆவடி லோக்கல், அம்பத்தூர் நிலையத்தின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சட்டென்று நின்றுவிடும்போது, படிக்கட்டில் தொற்றிக்கொண்டு வருகிற இளைஞர் முதல் பூக்கூடையை மடியில் வைத்திருக்கிற மூதாட்டி வரை எல்லோரும் சொல்வது ஒன்றே: “சிக்னல் போடல.” அந்தச் சொல்லில் தொனிக்கும் அலுப்பை நான் நன்கு அறிவேன், நானும் அந்தப் பெட்டியில் பல காலம் நின்றுகொண்டே வீடு திரும்பியவன். பொறுமை இழந்த சிலர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜல்லியில் குதித்து, பக்கத்துப் பாதையில் என்ன வருகிறதென்று திரும்பிக்கூடப் பாராமல் நடந்துபோவதைக் காணும்போதெல்லாம், அந்தச் சிவப்பு விளக்கின் பக்கம் நின்று சில வார்த்தைகள் எழுத வேண்டும் என்ற எண்ணம் என் மனத்தில் எழுந்ததுண்டு.

சிவப்பு விளக்கு யாரோ ஓர் அதிகாரி மறந்துபோனதால் எரிவதென்பது நம்மிடையே பரவலான அபிப்பிராயம். உண்மையில் இந்தத் தடத்தின் பெரும்பாலான விளக்குகளை மனிதர் எவரும் இயக்குவதில்லை. முன்னே செல்லும் வண்டியே இயக்குகிறது. தண்டவாளங்கள் இரண்டிலும் சிறிதளவு மின்னோட்டத்தைச் செலுத்தி, அதன் பலத்தால் ரிலே என்ற கருவியின் நாக்கைத் தூக்கி நிறுத்தி வைத்திருப்பார்கள். வண்டியின் சக்கரம் அப்பகுதிக்குள் அடியெடுத்து வைத்தவுடன் மின்னோட்டம் அச்சின் வழியே குறுக்கே பாய்ந்துவிட, பலமிழந்த நாக்கு தன் எடையாலேயே கீழே விழ, பின்னாலுள்ள விளக்கு சிவப்பாகும். தண்டவாளம் முறிந்தாலும் அந்த நாக்கு விழத்தான் செய்யும்; கம்பி அறுந்தாலும் விழும். அந்தக் காலத்துக் கைகாட்டியிலும் இழுகம்பி அறுந்தால் கை தானே ‘நில்’ என்ற நிலைக்குத் திரும்பிவிடுமாறு எடை கட்டியிருந்தார்கள். விளக்கு அணைந்தே கிடந்தாலும் ஓட்டுநர் அதைச் சிவப்பென்றே கொள்ள வேண்டும் என்பது விதி. பழுது நேரும்போது உயிரைக் காக்கும் பக்கமாகவே சாய வேண்டுமென்று யந்திரத்துக்குக் கற்பித்திருக்கும் இந்த ஏற்பாட்டை, மனித புத்தி செய்த மேலான காரியங்களில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

சிவப்பிலும் இரண்டு விதம் உண்டென்பது பிரயாணிகளில் பலருக்குத் தெரியாது. கம்பத்தில் ‘ஏ’ என்ற எழுத்துப் பொறித்த வெள்ளை வட்டத் தகடு இருந்தால் அது தானியங்கி சிக்னல். அங்கே ஓட்டுநர் வண்டியை முழுவதுமாக நிறுத்தி, பகலானால் 1 நிமிஷம், இரவானால் 2 நிமிஷம் காத்திருந்து, ஊதல் கொடுத்து, பின்னால் இருக்கும் கார்டுடன் சைகை பரிமாறிக்கொண்டு, எதிரே எந்தத் தடை தென்பட்டாலும் அதற்கு முன்பே நின்றுவிடக்கூடிய வேகத்தில் அடுத்த சிக்னல் வரை ஊர்ந்து செல்லலாம். நாம் ‘காரணமில்லாமல் நிற்கிறான், காரணமில்லாமல் நகர்கிறான்’ என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஒரு நிமிஷத்தைத்தான். ஆனால் ஆவடியைப் போல நான்கு பாதைகளும் கிளைப்பாதைகளும் பணிமனைத் தடமும் பின்னிக் கிடக்கிற நிலையத்தின் வாசலைக் காக்கும் சிக்னல் வேறு ஜாதி. நிலைய அதிகாரியின் அனுமதி முறைப்படி கிடைத்தாலன்றி, எத்தனை நிமிஷம் ஆனாலும் அதைத் தாண்டக் கூடாது. அதற்கு அப்பால் பாதை எந்தப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை ஓட்டுநரின் கண்ணால் அறிய முடியாதல்லவா?

இங்கேதான் என் கவலை தொடங்குகிறது. தானியங்கி சிக்னல் பச்சையாவதற்கு அடுத்த சிக்னல் வரை பாதை காலியாக இருந்தால் மட்டும் போதாது, அதற்கு அப்பாலும் குறைந்தது 120 மீட்டர் காலியாக இருக்க வேண்டுமென்று அவ்வளவு ஜாக்கிரதையாக விதி செய்தவர்கள், சிவப்பைக் கடந்து ஊர்கிற அந்தத் தருணத்தில் எல்லாவற்றையும் ஒரு மனிதனின் கண்ணையும் கையையும் நம்பி விட்டுவிட்டார்கள். 1856 ஜூலை முதல் தேதி இராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கிய இந்தப் பழைய தடத்திலேயே, அரக்கோணத்துக்கு அப்பால் சித்தேரியில், 2011 செப்டம்பர் 13 ஆம் தேதி இரவு, சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்த பாசஞ்சர் வண்டியின் பின்புறத்தில், கடற்கரையிலிருந்து வேலூருக்குச் சென்ற மின்ரயில் மோதி உயிர்கள் பலியாயின. 2023 அக்டோபர் 24 ஆம் தேதி விடியற்காலையில் ஆவடியிலேயே, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிச் சென்று ஒரு மின்சார ரயில் தடம் புரண்டது. அது பிரயாணிகள் ஏறாத வெற்று வண்டியாக இருந்தது நம் பாக்கியம். லண்டன் சுரங்க ரயிலில் 1975 பிப்ரவரி 28 அன்று மூர்கேட் என்ற முடிவு நிலையத்துக்குள் வேகம் குறையாமலே நுழைந்த வண்டி சுவரில் மோதி 43 பேர் மாண்டனர்; ஓட்டுநர் ஏன் நிறுத்தவில்லை என்பது இன்றுவரை விளங்கவில்லை. விளங்கும்வரை காத்திராமல், முடிவு நிலையத்துக்குள் வரம்பு மீறிய வேகத்தில் வரும் வண்டிக்குத் தானாகவே பிரேக் விழும் ஏற்பாட்டை அவர்கள் செய்தார்கள் என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஆவடியிலிருந்து சாலை வழியே சிறிது தூரத்தில் இருக்கும் பூந்தமல்லியில் இப்போது என்ன நடக்கிறதென்று பாருங்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26.1 கிலோமீட்டர் நீளத்துக்கு அமையும் மெட்ரோவின் நான்காம் வழித்தடத்துக்காக, ஓட்டுநர் இல்லாமலே இயங்கவல்ல முதல் வண்டி 2024 அக்டோபரில் பூந்தமல்லிப் பணிமனைக்கு வந்து சேர்ந்தது. 2025 மார்ச் 20 அன்று முல்லைத்தோட்டம் வரை ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே ஒவ்வொரு வண்டியும் தான் இருக்கும் இடத்தை வானொலி அலை வழியே இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே வரும். பின்னால் வரும் வண்டி எதுவரை போகலாம் என்ற எல்லை முன்வண்டியின் வாலோடு சேர்ந்தே நகரும். அந்த எல்லையை நெருங்கும்போது வேகம் தானே தணியும். அனுமதியின்றி நிலையத்துக்குள் நுழைய அந்த வண்டியால் இயலாது. இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அதே மேற்குப் புறநகரில், ஆவடித் தடத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளரையும் மாணவரையும் ஏற்றிக்கொண்டு செல்லும் ஓட்டுநருக்கு, அவர் கண் அயர்ந்தால் பிரேக் போடும் துணை ஒன்று வேண்டாமா? 2020 இல் தேசிய முறையாக ஏற்கப்பட்ட ‘கவச்’ அந்தத் துணைதான். விரைவு வண்டிகளைக் காத்த பிறகு லோக்கலைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற மனோபாவம் எவரிடமேனும் இருந்தால் அது மாற வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி ஓடுகிற வண்டிகளுக்கே அது முதலில் அவசியம்.

அதுவரை, பணமே தேவைப்படாத காரியம் ஒன்று இருக்கிறது. கார்டின் கையில் ஒலிவாங்கி உள்ள வண்டிகளில், நடுவழியில் வண்டி நின்றவுடன், “முன்னே வண்டி இருக்கிறது, சிக்னலுக்காக நிற்கிறோம், யாரும் இறங்க வேண்டாம்” என்று இரண்டு முறை அவர் சொல்லட்டும். பேசின் பிரிட்ஜுக்கு அருகே வண்டி நின்றபோது, ஒரு நாள், ஒரு கையில் டிபன் பையும் மறு கையில் செருப்புமாகப் படியில் கால் வைத்த பெரியவர் ஒருவரை, பக்கத்தில் நின்ற பெண்மணி, “இருங்கய்யா, அந்த லைன்ல வண்டி வருது” என்று தோளைப் பிடித்து இழுத்தார். அவர் கால் மீண்டும் பெட்டிக்குள் வந்த சிறிது நேரத்தில், பக்கத்துப் பாதையில் விரைவு வண்டி ஒன்று பெட்டி அதிரக் கடந்துபோயிற்று.