சமவெளி கேட்ட வினா

திண்டுக்கல் நகரை ஒட்டி நிற்கும் பாறைக்கோட்டையின் மேலிருந்து மேற்கே நோக்கினால், வெயிலில் காயும் சமவெளியின் எல்லையில் பழனிமலைத் தொடர் நீலக்கோடாய்த் தெரியும். ஆத்தூரிலும் வேடசந்தூரிலும் ஒட்டன்சத்திரத்திலும் நிலத்தை நம்பி வாழ்வோர் அம்மலையைப் பார்ப்பது அழகுக்காக அன்று. மேகம் கூடுகிறதா என்று அறிவதற்காக. குடகனாற்றில் நீர் வருவதும் வராததும் அந்த மேகத்தைப் பொறுத்தது. அதே மலையின் மேல், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில், நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கதிரவனைப் படம்பிடித்துவரும் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. கொடைக்கானலுக்குச் சுற்றுலா செல்வோருள் பலர் அதனை ஏரிக்கும் தூண்பாறைக்கும் அடுத்த ஒரு காட்சியிடமாகவே அறிவர். அது மலைமேல் எழுந்ததற்குக் காரணம் சமவெளியில் பொய்த்த மழை என்பது பெரும்பாலும் மறந்துபோன செய்தி.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தனர். தாது ஆண்டுப் பஞ்சம் என்று இன்றும் முதியோர் வாய்மொழியில் நிற்பது அதுவே. துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த காலமும் அதுவேயாதலின், பஞ்சத்தின் பழியை மழையின் மேல் மட்டும் சுமத்துவது முறையாகாது. எனினும் மழை ஏன் பொய்த்தது என்ற வினா எஞ்சி நின்றது. 1877இல் இங்கிலாந்தின் வானியலாளர் நார்மன் லாக்கியரும், இந்தியாவில் பணியாற்றிய வில்லியம் ஹன்ட்டரும் கரும்புள்ளிகளையும் பஞ்சங்களையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதினர். கதிரவனின் முகத்தில் கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அவை குறையும் காலத்தில் சென்னையில் மழையும் குறைகிறது என்பது அவர்கள் வாதம். கதிரவனை நாள்தோறும் கவனித்தால் மழையை முன்னறியலாம் என்ற நம்பிக்கை இவ்வாறு பிறந்தது.

1893ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கெல்வின் பிரபு தலைமையில் இலண்டனில் கூடிய குழு, தென்னிந்தியாவில் கதிரவ ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவ முடிவு செய்தது. மிச்சி ஸ்மித் பொறுப்பேற்றார். தூசியில்லாத காற்றும் தெளிந்த வானமும் வாய்த்த கொடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1792 முதல் சென்னையில் இயங்கிவந்த வானாய்வகத்தின் கருவிகள் மலையேறின. 1899ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஆய்வுக்கூடம் முறையாகத் தோன்றியது. அது வானியல் துறைக்கு அன்று, வானிலைத் துறைக்கே உரியதாக வைக்கப்பட்டது. நோக்கம் மழை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மழையைத் தேடிப் போன இடத்தில் கிடைத்தது வேறொன்று. 1907இல் கொடைக்கானலுக்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909ஆம் ஆண்டு சனவரியில் கரும்புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தபோது, அதன் கோடுகள் தம் இடத்திலிருந்து சற்றே விலகியிருப்பதைக் கண்டார். நெருங்கி வரும் தொடர்வண்டியின் ஊதல் ஒலி கூர்மையாகவும் விலகிச் செல்கையில் மழுங்கியும் கேட்பதைப் போல, ஒளியின் கோடும் அதை உமிழும் வளி நகரும் திசைக்கேற்ப இடம்பெயரும். அந்த இடப்பெயர்ச்சியிலிருந்து, கரும்புள்ளியின் நடுவிலிருந்து வளி நாற்புறமும் வெளிநோக்கிப் பாய்கிறது என்று அவர் நிறுவினார். உலகெங்கும் வானியல் நூல்களில் அது ‘எவர்ஷெட் விளைவு’ என்று வழங்குகிறது.

ஆயினும் கொடைக்கானலின் பெருங்கொடை இக்கண்டுபிடிப்பைவிட எளியது. வெளிப்பார்வைக்குச் சலிப்பூட்டுவதும் ஆகும். வானம் தெளிந்த ஒவ்வொரு நாளும் கதிரவனை ஒரு படம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பதிந்து, நாள் குறித்து, அடுக்கி வைத்தல். அவ்வளவே. 1904இல் தொடங்கிய அந்த வேலை இரண்டு உலகப்போர்களைக் கடந்தது; ஆட்சி மாற்றத்தைக் கடந்தது. மேகம் மூடிய நாள்களில் தகடு வெறுமையாயிற்று. அமெரிக்காவின் மவுண்ட் வில்சனிலும் பிரான்சின் மூதோனிலும் அதே முறையில் எடுக்கப்பட்ட படங்கள் அவ்வெறுமையை நிரப்பின. அங்கே வானம் மூடியபோது கொடைக்கானலின் தகடு கைகொடுத்தது. கொடைக்கானலில் கதிரவன் மறைந்த சில மணி நேரத்தில் கலிபோர்னியாவில் எழுகிறான். ஒரு நாட்டின் வானத்தை மட்டும் கொண்டு கதிரவனின் வரலாற்றை எழுத முடியாது. பன்னாட்டு அறிவியல் ஒத்துழைப்பு என்றவுடன் கொடிகளும் கையொப்பங்களும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அதன் அடித்தளம், ஒருவர் விட்ட நாளை மற்றொருவர் நிரப்புவதற்கு ஏற்பப் பதிவேட்டை நேர்மையாகப் பேணும் வேலையே.

சமவெளியின் வினா என்னவாயிற்று? கரும்புள்ளிக்கும் மழைக்கும் லாக்கியர் எண்ணியது போன்ற நேரடித் தொடர்பு நிலைநாட்டப்படவில்லை. விடை வேறு திசையிலிருந்து வந்தது. 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர் வானியலாளரல்லர், கணிதவியலாளர். உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் அளவீடுகளைத் திரட்டி, இந்திய எழுத்தர்களைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் கணக்கிட்டார். சிலியின் சாந்தியாகோ, ஆத்திரேலியாவின் டார்வின், ஹவாயின் ஹொனலூலு எல்லாம் அக்கணக்கேட்டில் இடம்பெற்றன. பசிபிக் பெருங்கடலின் ஒரு புறத்தில் காற்றழுத்தம் ஏறும்போது மறுபுறத்தில் இறங்குகிறது என்னும் ஊசலாட்டம் அதிலிருந்து புலப்பட்டது. ‘தெற்கத்திய அலைவு’ என்று அவர் அதற்குப் பெயரிட்டார். அன்றைய அறிஞர் பலர் அதனை நம்பவில்லை. காரணம் சொல்ல இயலாத கணக்கை யார்தான் எளிதில் நம்புவர்?

காரணம் தெரிய அரை நூற்றாண்டு ஆயிற்று. 1957ஆம் ஆண்டு சூலை முதல் 1958 திசம்பர் வரை, அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டைக் கடைப்பிடித்தன. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒன்றை ஒன்று அழிக்கும் படைக்கலங்களை அடுக்கிக்கொண்டிருந்தன. அதே வேளையில், திரட்டப்பட்ட அளவீடுகளைக் காக்கும் உலகத் தரவு மையங்கள் இரண்டு நாடுகளிலும் அமைந்தன. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் விண்ணில் ஏறியதும் அந்த ஆண்டின் திட்டத்தையொட்டியே. அந்தப் பதினெட்டு மாதங்களில் பசிபிக் கடலில் ‘எல் நினோ’ தோன்றியது. பெரு நாட்டு மீனவர், கிறித்துமசுக் காலத்தில் தம் கரையோரக் கடல் வெதுவெதுப்பாவதைக் கண்டு அதற்குக் குழந்தை இயேசுவின் பெயரை இட்டிருந்தனர். புவி இயற்பியல் ஆண்டின் அளவீடுகளைக் கொண்டு, மீனவர் கண்ட கடலின் வெப்பமும் வாக்கர் கண்ட காற்றின் ஊசலும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்று 1969இல் விளக்கினார், நார்வேயில் வளர்ந்து அமெரிக்காவில் பணியாற்றிய யாக்கோப் பியர்க்னஸ்.

திண்டுக்கல் உழவருக்கு இதில் என்ன உண்டு என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எல் நினோ வலுக்கும் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் நலிகிறது. ஆனால் தமிழகத்துக்கு உயிரான வடகிழக்குப் பருவமழை பல வேளை வலுக்கிறது. 2015இல் நாட்டின் பல பகுதிகள் மழைக்கு ஏங்கியபோது சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. மறு ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 விழுக்காடு குறைந்தது. தாதுப் பஞ்சத்தை நீட்டித்த 1877ஆம் ஆண்டு வறட்சியின் பின்னணியில் மிக வலிய எல் நினோ இருந்ததாக இன்றைய ஆய்வாளர் கூறுவர். சமவெளி கேட்ட வினாவின் விடையில் பெரும்பகுதி, கதிரவனில் அன்று, பெரு நாட்டின் கடலில் கிடந்தது. எந்தத் தனி நாடும், எவ்வளவு செல்வம் படைத்ததாயினும், அதனைத் தன் எல்லைக்குள் கண்டுபிடித்திருக்க முடியாது.

இந்தியாவின் விண்வெளிப் பயணமும் இத்தகைய கூட்டுறவில்தான் தொடங்கிற்று. புவியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையையொட்டிச் செல்கிறது. அதன் மேலே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல்தோறும் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. அதனை ஆராய்வதற்கு ஏற்ற இடங்கள் உலகில் சிலவே. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து எழுந்த ஏவூர்தி அமெரிக்காவினுடையது. அது சுமந்த ஆய்வுப்பொருள் பிரான்சினுடையது. அவ்வேவுதளத்துக்குக் கணிப்பொறியும் உலங்கூர்தியும் தந்தது சோவியத் ஒன்றியம். இடம் மட்டும் மீனவர் கொடுத்தது. அந்த இடமின்றி மற்றவை பயனற்றவை. ஒத்துழைப்பில் வறிய நாடு வெறுங்கையோடு நிற்பதாகக் கருதுவோர் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும்.

எனினும் ஒரு குறையை மறைப்பது நேர்மையாகாது. மலைமேல் திரண்ட அறிவு உலகம் சுற்றி வந்த அளவுக்குச் சமவெளிக்கு இறங்கி வரவில்லை. வினா கேட்டவரிடம் விடையைக் கொண்டுசேர்க்கும் கடமையை ஒத்துழைப்பு உடன்படிக்கைகள் எவரிடமும் ஒப்படைப்பதில்லை. தரவு இணையத்தில் திறந்து கிடக்கிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்கு முன் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவரே இன்னும் அழைக்கப்படுகிறார். அவரை நகைப்பதில் பயனில்லை. அவரைவிட நம்பத்தக்க ஒருவர் அந்த ஊருக்கு வரவில்லை என்பதே செய்தி.

வானத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணமும் பிழையானது. 2002இல் அமெரிக்காவும் செருமனியும் இணைந்து ‘கிரேஸ்’ என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்களை ஏவின. ஒன்றன்பின் ஒன்றாய்ச் சென்ற அவை, தம்மிடையே உள்ள தொலைவு நுண்ணிதாக மாறுவதைக் கொண்டு கீழே நிலத்தின் ஈர்ப்பை அளந்தன. நிலத்தடியில் நீர் குறைந்தால் அதன் எடையும், எனவே ஈர்ப்பும் குறையும். இராசத்தான், பஞ்சாப், அரியானா பகுதிகளில் 2002 முதல் 2008 வரை ஏறத்தாழ 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் இழக்கப்பட்டதை இவ்வாறு கணித்து 2009இல் வெளியிட்டனர். வியக்கத்தக்க செயல்தான். ஆனால் அக்கருவியின் பார்வை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள நிலப்பரப்பைத்தான் பிரித்தறியும். திண்டுக்கல் மாவட்டம் அதற்கு மிகச் சிறியது. மேலும் இங்குள்ளது கடும்பாறை நிலம். நீர் பாறை வெடிப்புகளில் தங்குகிறது. ஒரு தோட்டத்தில் ஊறும் கிணறு அடுத்த தோட்டத்தில் வறண்டிருக்கும். தோல் பதனிடும் தொழிலின் கழிவால் கிணற்று நீரில் ஏறிய உப்பையும் எந்தச் செயற்கைக்கோளும் சுவைத்துச் சொல்லாது.

2025ஆம் ஆண்டு சூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ‘நிசார்’ இன்னும் கூர்மையானது. இந்திய விண்வெளி ஆய்வு மையமும் அமெரிக்காவின் நாசாவும் ஆளுக்கொரு ராடாரை அளித்து உருவாக்கிய அந்தச் செயற்கைக்கோள், மேகத்தையும் இருளையும் ஊடுருவி, பன்னிரண்டு நாள்களுக்கு ஒருமுறை ஏறத்தாழ ஒரே நிலத்தை மீண்டும் பார்க்கிறது. பயிரின் வளர்ச்சி, மண்ணின் ஈரம், நிலத்தின் சில சென்டிமீட்டர் அசைவு ஆகியவற்றை அது அறியவல்லது. அதன் தரவு எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கும் வகையில் திட்டமிடப்பட்டது. ஆயினும் ராடார் காண்பது எதிரொலியை மட்டுமே. அவ்வெதிரொலி இவ்வளவு ஈரத்தைக் குறிக்கிறது என்று சொல்வதற்கு, அதே நாளில் அதே வயலில் ஒருவர் மண்ணை எடுத்து அளந்திருக்க வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதே இன்றைய வினா. பேராய்வு நிறுவனங்கள் ஒவ்வொரு வயலுக்கும் ஆளனுப்ப இயலாது. ஊர்ப் பள்ளியும் கல்லூரியும், சின்னாளப்பட்டிக்கு அருகில் 1956 முதல் ஊரகக் கல்வி புகட்டிவரும் காந்திகிராமம் போன்ற நிறுவனமும் இதில் கைகோப்பது கடினமன்று. ஒரு மழைமானி, கிணற்றின் நீர்மட்டத்தை அளக்க முடிச்சிட்ட ஒரு கயிறு, விடுபடாத ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். செலவு பெரிதன்று, விடுமுறை நாளிலும் விடாமல் எழுதுவதுதான் பெரிது. கொடைக்கானலின் கண்ணாடித் தகடுகள் விலைமதிப்பற்றவையானது ஒவ்வொரு தகடும் அரியது என்பதால் அன்று. அவை தொடர்ந்து வந்தன என்பதால்.

இந்தியாவில் மழைமானி காலை எட்டரை மணிக்குப் பார்க்கப்படுகிறது. அந்நேரத்தைத் தேர்ந்தது உள்ளூர் வசதிக்காக மட்டும் அன்று. அது உலகப் பொது நேரப்படி மூன்று மணி. வானிலை நோக்கர்கள் உலகம் முழுவதும் ஒருசேரக் குறிப்பெடுப்பதற்கு வகுத்த வேளைகளுள் ஒன்று. ஆத்தூரில் ஒரு மாணவி குடுவையில் தேங்கிய மழையை அளவுகோலிட்டு எழுதும்போது, டார்வினில் நண்பகல் கடந்து அரைமணி ஆகியிருக்கும். பெருவின் கடற்கரையில் முந்தைய நாளின் இரவு பத்து மணியாக இருக்கும்.