ஃபேரிகோர் மோகமும் தோடர் சால்வையும்: 'ஹேண்ட்மேட்' என்றால் யாருடைய கை?

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் மலைச்சாலை. பைன் காடு, சூட்டிங்மட்டம், பைக்காரா, அப்புறம் நடுவட்டம். மூடுபனி இறங்கிவிட்டால் இந்தச் சாலையில் எங்கே நின்று படம் எடுத்தாலும் தேவதைக் கதைப் புத்தகத்தின் அட்டை மாதிரியே இருக்கும். மெல்லிய நெட் துணியில் நீளமான கவுன், தலையில் பூக்கிரீடம், தோளில் ஒரு கேப். இப்படி ஒரு போட்டோஷூட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பின்னணி தமிழ்நாட்டில் கிடைப்பது கஷ்டம்.

இந்த உடைப் பாணிக்குப் பெயர் 'ஃபேரிகோர்'. இதில் முக்கியமான சொல் 'ஹேண்ட்மேட்'. கிரீடமோ, காதணியோ, கேப்போ, கையால் செய்தது என்றால்தான் மவுசு. வேடிக்கை என்னவென்றால், படம் எடுக்கும் அதே மலையிலேயே, தோளில் போர்த்திக்கொள்ளும் ஒரு துணியைப் பல தலைமுறைகளாகக் கையால் தைத்துவருகிறார்கள். அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனாலும் அதைப் பார்த்துச் செய்த போலிகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. சட்டப் பாதுகாப்பு இருக்கும்போது இது எப்படி நடக்கிறது?

முதலில், ஃபேரிகோர் எங்கிருந்து வந்தது?

2020-ல் கொரோனா ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது, டிக்டாக்கில் காடு, காளான், பூ, பட்டாம்பூச்சிச் சிறகு என்று இயற்கையை நோக்கி ஓடும் உடைப் பாணிகள் பரவின. கிராமத்து வீட்டு வாழ்க்கையைக் கொண்டாடுவது 'காட்டேஜ்கோர்'. அதிலேயே கொஞ்சம் மாயாஜாலம் சேர்த்தால் ஃபேரிகோர். அந்த ஆண்டு ஜூன் மாத இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. ட்ரெண்ட் அந்த வழியாக நம் ஊர் போன்களுக்குள் நுழைந்துவிட்டது.

சிறகு வைத்த குட்டி தேவதை என்ற உருவம் அதைவிடப் பழையது. பிரிட்டிஷ் ஓவியர் சிசிலி மேரி பார்க்கர் 1923-ல் வெளியிட்ட பூத்தேவதைகள் புத்தகம் இன்றைய ஃபேரிகோர் உடைகளுக்கு ஒரு பெரிய ஊற்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1917-ல், இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் இரண்டு சிறுமிகள் தேவதைகளோடு எடுத்ததாகச் சொன்ன புகைப்படங்கள் பெரும் பரபரப்பைக் கிளப்பின. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலே அவற்றை நம்பி எழுதினார். அட்டையில் வரைந்து வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்திய தேவதைகள் அவை என்று அந்தப் பெண்கள் 1980-களில்தான் ஒப்புக்கொண்டார்கள். தேவதை ஃபேஷனில் போலிக்கு நூறு வருட வரலாறு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

பூத்துக்குளி என்பது என்ன?

நீலகிரியின் தோடர்கள் எருமை வளர்ப்பை மையமாகக் கொண்ட பழங்குடியினர். மொத்தமே சுமார் 2,000 பேர். மத்திய அரசின் பட்டியலில் 'குறிப்பாக நலிவடைந்த பழங்குடிக் குழு'. அவர்கள் வாழும் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். ஆணும் பெண்ணும் போர்த்திக்கொள்ளும் சால்வைதான் பூத்துக்குளி. முத்தநாடு மந்தில் நடக்கும் மொற்பர்த் பண்டிகைப் படங்கள் ஒவ்வொரு வருடமும் செய்தித்தாள்களில் வருமே, அதில் எல்லோர் தோளிலும் இருக்கும் வெள்ளை, சிவப்பு, கறுப்புத் துணி அதுதான். திருவிழாவுக்கு மட்டுமல்ல, இறந்தவரின் உடலையும் பூத்துக்குளியால்தான் போர்த்துகிறார்கள். சமவெளி வாசிகளுக்கு அது 'அழகான எத்னிக் ஷால்'. அவர்களுக்குப் பிறப்பிலிருந்து கடைசிப் பயணம் வரை கூட வருகிற ஒன்று.

தையல்தான் இதில் விசேஷம். சிவப்பு, கறுப்புப் பட்டைகள் ஓடும் முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியை எடுத்துக்கொள்கிறார்கள். ஃபிரேம் கிடையாது. பென்சிலால் டிசைன் வரைவதும் கிடையாது. துணியின் ஊடையையும் பாவையும் இழை இழையாக விரலால் எண்ணி, சிவப்பும் கறுப்புமான கம்பளி நூலை ஊசியால் கோத்துக்கொண்டே போகிறார்கள். அபூர்வமாக நீலமும் வரும். துணியின் பின்பக்கத்தில் இருந்து தைப்பதால் முன்பக்கத்தில் நூல் லேசாகப் புடைத்து நிற்கும். அதனால் தொலைவில் இருந்து பார்த்தால் தைத்த துணியா, நெய்த துணியா என்றே குழப்பம் வரும். இரண்டு பக்கமும் உடுத்தலாம். எருமைக் கொம்பு, மயில் இறகு, பட்டாம்பூச்சி, மலை என்று சுற்றியுள்ள உலகமே கட்டங்களாகவும் கோணங்களாகவும் மாறித் துணியில் ஏறுகிறது. இந்தத் தையலுக்கு அவர்கள் மொழியில் பெயர் 'புகூர்'. தைப்பவர்கள் பெண்கள்.

இழை எண்ணும் வேலை என்பதால் ஒரு எண் பிசகினால் அந்த வரிசையே கோணலாகும். பிரித்துத்தான் மறுபடி தைக்க வேண்டும். வீட்டு வேலை, தோட்ட வேலை எல்லாம் முடித்துக் கிடைக்கும் நேரத்தில் தைப்பதால் ஒரு முழுச் சால்வை முடிய மாதக்கணக்கில் ஆகும்.

ஏன் இவ்வளவு விலை?

கடையில் பூத்துக்குளியின் விலையைக் கேட்டதும் பலரும் கேட்கும் கேள்வி இது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் தினமும் 3 மணி நேரம் வீதம் 2 மாதம் தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180 மணி நேரம். மணிக்கு வெறும் 60 ரூபாய் கூலி என்றாலே 10,800 ரூபாய். துணி, நூல், கடைக்காரர் பங்கு எல்லாம் தனி. அதே மாதிரி தோற்றமுள்ள ஒன்று ஆன்லைனில் 499 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், அந்தத் தொகை முழுதும் தைத்தவருக்கே போனாலும் மணிக்கு 3 ரூபாய் கூட வராது. அதாவது, அந்த விலையில் அதைக் கையால் தைத்திருக்கவே முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த நேரக் கணக்குதான் தோடர் பெண்களைச் சின்னப் பொருட்கள் பக்கமும் தள்ளியிருக்கிறது. மொபைல் பவுச், பர்ஸ், தோள்பை, மேஜை விரிப்பு, குஷன் உறை. சால்வை விற்க வாடிக்கையாளருக்காகக் காத்திருக்க வேண்டும். பவுச் சில நாளில் முடியும், சுற்றுலாப் பயணி யோசிக்காமல் வாங்குவார், பணமும் உடனே கைக்கு வரும். 'பாரம்பரியம் கெட்டுப்போச்சு' என்று இதைப் பார்த்துச் சிலர் வருத்தப்படுவதுண்டு. மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அந்த வருத்தம் சுலபம்.

சிக்கல் என்னவென்றால், பொருள் சின்னதாக ஆக ஆக, அதைக் காப்பியடிப்பதும் சுலபம். ஒரு முழுச் சால்வையின் தையலை மெஷினில் கொண்டுவருவதைவிட, ஒரு கேப்பின் ஓரத்துக்கோ ஒரு ஹேர்பேண்டுக்கோ சிவப்பு, கறுப்புப் பட்டையை பிரின்ட் செய்வது எளிது.

புவிசார் குறியீடு எதைக் காப்பாற்றுகிறது?

தோடர் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை, அரசின் பூம்புகார் நிறுவனம் மூன்றும் சேர்ந்து விண்ணப்பித்திருந்தன. 1999-ல் நிறைவேறி 2003-ல் அமலுக்கு வந்த சட்டம் இது. போலியாக அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை.

படிக்க பலமான சட்டம்தான். ஆனால் அது முதன்மையாகக் காப்பது பெயரை. 'தோடா எம்பிராய்டரி' என்று சொல்லி மெஷின் சால்வையை விற்றால் சட்டம் பாயும். அதே சால்வையை 'டிரைபல் கேப்', 'போஹோ ஷால்', 'ஃபாரஸ்ட் ஃபேரி ஸ்டோல்' என்று விற்றால்? தோடர் என்ற சொல்லே எங்கும் இல்லை. வாங்குபவரை ஏமாற்றினார்கள் என்று நிரூபிப்பது பெரும்பாடு.

சரி, டிசைனைக் காக்க வேறு சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் பொருந்தாது. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டுமென்றால் டிசைன் புதியதாக இருக்க வேண்டும். பாட்டிக்கும் பாட்டி காலத்து டிசைனைப் புதியது என்று எப்படிச் சொல்வது? பதிப்புரிமைக்கு ஒரு தனி ஆசிரியர் வேண்டும். ஒரு சமூகமே ஆசிரியர் என்றால் சட்டம் திணறுகிறது. போதாக்குறைக்கு, வடிவமைப்பாகப் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 பிரதிகளுக்கு மேல் செய்துவிட்டால், பதிப்புரிமையும் போய்விடும் என்கிறது 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு. பழமைதான் இந்தக் கலையின் மதிப்பு. சட்டத்தின் கண்ணில் அதே பழமைதான் பலவீனம்.

பிராடா விவகாரம் சொன்னது என்ன?

2025 ஜூனில் மிலன் நகர ஃபேஷன் ஷோவில் இத்தாலிய நிறுவனமான பிராடா, கோலாப்புரி செருப்பை அச்சு அசலாக ஒத்த செருப்புகளை மேடையேற்றியது. எங்கிருந்து வந்தது என்று அப்போது ஒரு வார்த்தை இல்லை. கோலாப்புரி செருப்புக்கு 2019-லேயே புவிசார் குறியீடு உண்டு. இந்தியாவில் எழுந்த கண்டனத்துக்குப் பிறகுதான் இந்தியக் கைவினையின் தாக்கம் இருப்பதாக அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. வழக்கறிஞர்கள் சிலர் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார்கள். ஜூலையில் அது தள்ளுபடியானது. குறியீட்டைப் பதிவு செய்து வைத்திருப்பவர்கள்தான் வழக்கோடு வர வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

நீலகிரிக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கோலாப்புரிக்குப் பின்னால் இரண்டு மாநில அரசு நிறுவனங்கள் பதிவாளர்களாக இருந்தன. ஊடகமும் ஒரு தேசத்தின் கோபமும் இருந்தன. 2,000 பேர் கொண்ட ஒரு சமூகம் ஊர் ஊராக, இணையதளம் இணையதளமாகப் போலியைத் தேடிப் பிடித்து, வக்கீல் வைத்து, வழக்கு நடத்த முடியுமா? பதிவில் பங்கேற்ற அரசு நிறுவனம்தான் இதில் முன்னால் நிற்க வேண்டும். குறியீடு வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்ற நினைப்பு தமிழ்நாட்டில் தோடர் சால்வைக்கு மட்டும் வந்த பிரச்சினையும் இல்லை.

வேறு வழியில் போன நாடும் இருக்கிறது. மெக்சிகோவின் ஒஹாகா பகுதிப் பழங்குடிகளின் எம்பிராய்டரி ரவிக்கையை ஃபிரெஞ்சு வடிவமைப்பாளர் இசபெல் மாராண்ட் காப்பியடித்ததாக 2015-ல் பெரிய சர்ச்சை கிளம்பியது. இப்படித் தொடர்ந்து வந்த சர்ச்சைகளின் விளைவாக, 2022 ஜனவரியில் மெக்சிகோ ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெயரை மட்டுமல்ல, பண்பாட்டு வெளிப்பாட்டையே அந்தச் சமூகத்தின் கூட்டுச் சொத்தாக அது அங்கீகரிக்கிறது. அனுமதியில்லாமல் வணிகம் செய்தால் தண்டனை உண்டு. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை.

'ஹேண்ட்மேட்' என்ற சொல்லை நம்பலாமா?

அந்தச் சொல்லே ரொம்ப நெகிழ்வானது. கைவினைப் பொருட்களுக்காகவே 2005-ல் தொடங்கப்பட்ட எட்ஸி இணையச் சந்தைகூட, 2013-ல் விற்பனையாளர்கள் வெளி உற்பத்தியாளர்களிடம் செய்து வாங்கி விற்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினில் துணியை வைப்பதும் ஒரு கைதானே என்று வாதிடுபவர்களும் உண்டு.

ஊட்டி கடைவீதியிலோ போனிலோ வாங்கும்போது, முதலில் துணியைத் திருப்பிப் பார்க்கலாம். பிரின்ட் என்றால் பின்பக்கம் வெளிறியிருக்கும். மெஷின் எம்பிராய்டரி என்றால் பெரும்பாலும் பின்னால் வேறு நிற அடிநூல் தெரியும், சில சமயம் விறைப்பான காகித லைனிங் ஒட்டியிருக்கும். நூல் பளபளக்கும். தோடர் தையலில் நூல் கம்பளி மாதிரி மங்கலாக, தடவினால் மேடாகத் தட்டுப்படும். பின்பக்கமும் முன்பக்கம் போலவே ஒழுங்காக இருக்கும். நூல் எப்போதும் துணியின் இழையோடு நேராகப் போகும், வளைவுகள் இருக்காது. வளைந்து நெளியும் பூங்கொடி டிசைனைக் காட்டி 'ஒரிஜினல் தோடா' என்றால் சந்தேகப்படலாம். ஒரே டிசைனில் இரண்டு பவுச்சுகளை அருகருகே வைத்துப் பார்ப்பதும் நல்ல வழி. கையால் தைத்தவற்றில் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். மெஷினில் பிழைகூட ஒரே இடத்தில் அச்சடித்த மாதிரி வரும்.

ஆன்லைனில் திருப்பிப் பார்க்க முடியாதே? விற்பவரிடம் பின்பக்கப் படம் கேட்கலாம். எந்த மந்தில், எந்தக் குழு தைத்தது, தைக்க எத்தனை நாள் ஆனது என்று கேட்கலாம். தோடர் பெண்களிடமிருந்து நேரடியாக வாங்குபவர்கள் இதற்குப் பதில் சொல்லத் தயங்குவதில்லை. பூம்புகார் விற்பனை நிலையங்களும் இருக்கின்றன. ஊட்டிக்கே போகிறவர்களுக்குத் தாவரவியல் பூங்காவை ஒட்டிய மந்து நடக்கிற தூரம்தான். பேரம் பேசுவதற்கு முன் அந்த 180 மணி நேரக் கணக்கை ஒருமுறை போட்டுக்கொள்ளலாம்.